தரங்கம்பாடிக் கோட்டைக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரங்கம்பாடிக்கு வருவோரில் பலர் காரைக் கோட்டைக்கு அருகே நிறுத்தி, கடலோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் காரைக்காலுக்கோ பூம்புகாருக்கோ புறப்பட்டுவிடுகிறார்கள். செஞ்சியையும் வேலூரையும் மனத்தில் வைத்து வந்தவர்கள் "இவ்வளவுதானா?" என்று ஏமாறுவதும் உண்டு. டென்மார்க் நாட்டவரான டேனியர்கள் டான்ஸ்போர்க் என்று பெயரிட்ட இக்கோட்டை, படை நடத்துவதைவிட வணிகம் நடத்துவதற்கே எழுந்தது. கீழ்த்தளத்தில் சரக்குக் கிடங்கும் சிறையும், மேல்தளத்தில் ஆளுநரின் இருப்பிடமும் அமைந்த இக்கட்டடத்தை, மிளகுக் கப்பலுக்காகக் காத்திருந்த ஓர் அலுவலகமாகக் கருதிப் பார்த்தால்தான் அதன் அமைப்பு விளங்கும்.

ஆகவே நேரே கோட்டைக்குச் செல்வதே முதல் தவறு. ஊரின் மேற்கே, 1792இல் கட்டப்பட்ட நகர வாயிலில் இறங்கி, ராஜ வீதி வழியாகக் கடலை நோக்கி நடக்க வேண்டும். 1701ஆம் ஆண்டின் சீயோன் ஆலயத்தையும், ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்தையும் கண்டபின் கோட்டையை அடைபவருக்கு, அது ஒரு நகரத்தின் கிழக்கு முனை என்பது தானே புலப்படும்.

இதனை வெள்ளைக்காரன் கோட்டை என்று சொல்லி ஆங்கிலேயர் கணக்கில் சேர்ப்பது அடுத்த தவறு. தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனியக் கடற்படைத் தலைவர் ஓவே யெட்டே எழுப்பிய கோட்டையை, ஆங்கிலேயர் 1845இல்தான் விலைக்கு வாங்கினார்கள். சீகன்பால்குவைக் கோட்டையோடு இணைத்துப் பேசும்போதும் கவனம் தேவை: 1706இல் வந்திறங்கிய அவரை டேனிய நிர்வாகம் வரவேற்கவில்லை; 1708இல் கைதுசெய்து ஏறத்தாழ நான்கு மாதம் இதே கோட்டையில் அடைத்து வைத்தது. சுவரில் பெயர் கீறுவோர் அந்தச் சிறையறையையாவது விட்டுவைக்கலாம்.

உள்ளே இருக்கும் தொல்லியல் துறை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அன்று போவதையும், நிழலற்ற முற்றத்தில் நண்பகலில் நிற்பதையும் தவிர்க்கவும்.

கோட்டைக்குச் சற்று வடக்கே கடற்கரையில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலைப் பாராமல் திரும்புவதுதான் பெரிய இழப்பு. டேனியர் வருவதற்கு மூன்று நூற்றாண்டுகள் முன்னரே, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அக்கோயிலின் கிழக்குப் பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. அலைத்தடுப்புக் கற்களின்மேல் ஏறாமல், கரையில் நின்றே அதைப் பார்க்கலாம்.