ஏ.டி.வி. கிளட்சின் கோளாற்றைக் கண்டறிந்து நேராக்கும் முறை

பெல்ட் அறுந்தால் பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு வண்டியை அனுப்பிவிடுவது பல பட்டறைகளின் வழக்கம். மலைத்தோட்டம் ஒன்றில் ஓடிய ஏ.டி.வி. (கரடுமுரடான நிலத்திலும் ஓடும் நான்கு சக்கர வண்டி) அப்படியே மூன்று புதிய பெல்ட்டுகளைத் தின்ற பிறகுதான் என்னிடம் வந்தது. இரண்டு புல்லிகளும் நன்றாகவே இருந்தன. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளில் ஒன்று கிழிந்திருந்தது. கடப்பாறையால் இலேசாக நெம்பியதும் இன்ஜின் முழுவதும் விரற்கடை அளவு நகர்ந்தது. நகரும் இன்ஜினில் புல்லிகளை எவ்வளவு துல்லியமாக நேராக்கினாலும் அந்த அளவு நிற்காது. அதனால்தான் நேராக்கும் வேலையை நான் எப்போதும் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

ஸ்கூட்டர் பழுது பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு பாதி தெரிந்ததுதான். இன்ஜினின் கிராங்க் முனையில் டிரைவ் கிளட்சும், கியர்பாக்ஸ் தண்டில் டிரிவன் கிளட்சும் இருக்க, இரண்டையும் ஒரு வி-பெல்ட் இணைக்கிறது. இந்த இரண்டு கிளட்சுகளும்தான் புல்லிகள்; ஒவ்வொன்றும் எதிரெதிரான இரு தட்டுகளால் ஆனது. ஸ்கூட்டரில் பின்பக்கம் தனியாக ஒரு சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் உண்டு. போலாரிஸ் போன்ற பல ஏ.டி.வி.க்களில் அது கிடையாது, பெல்ட்டைப் பிடித்தும் விட்டும் டிரைவ் புல்லியே அந்த வேலையையும் செய்கிறது. ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் கொடுக்காதபோது) அதன் ஸ்பிரிங் தட்டுகளை விரித்து வைத்திருக்கும். வேகம் கூடக்கூட உள்ளிருக்கும் வெயிட்டுகள் வெளியே வீசப்பட்டு, ரோலர்களை அழுத்தி, நகரும் தட்டை நெருக்கும்போது பெல்ட் மேலேறுகிறது. டிரிவன் புல்லியில் உள்ள ஸ்பிரிங்கும் ஹெலிக்ஸும் (சுருள் சரிவுள்ள பாகம்), சுமை கூடும்போது தட்டுகளை நெருக்கி, பெல்ட்டை மீண்டும் தாழ்ந்த கியர் நிலைக்குக் கொண்டுவருகின்றன.

வேலையைத் தொடங்குமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை ஆறவிட்டு, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மூடியைக் கழற்றிய நிலையில், பெல்ட் மாட்டியிருக்க, இன்ஜினை ஓட்டிப் பார்ப்பதை எந்தக் காரணத்திற்காகவும் செய்யக்கூடாது. ஓட்டத்தில் அறுந்த பெல்ட் எங்கே பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும், ஏனெனில் கோளாற்றின் பெரும்பகுதி அதில்தான் எழுதியிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் இடுப்பு சிறுத்ததுபோல் தேய்ந்திருந்தால், சக்கரம் சிக்கி வண்டி நகராத நிலையில் யாரோ ஆக்ஸிலேட்டரை விடாமல் முறுக்கியிருக்கிறார் என்று பொருள்; இது ஓட்டுநரின் தவறே தவிர கிளட்சின் தவறு அன்று. பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தால் வழுக்கல், அதாவது எண்ணெயோ தண்ணீரோ உள்ளே புகுந்ததையோ, டிரிவன் ஸ்பிரிங் தளர்ந்ததையோ சந்தேகிக்கலாம். ஒரு விளிம்பு மட்டும் பிசிறு பிசிறாக நூல் விட்டிருந்தால் மட்டுமே புல்லிகள் நேராக இல்லாததை முதற்காரணமாக எடுத்துக்கொள்வேன். வெர்னியரால் பெல்ட்டின் அகலத்தை அளந்து சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுவதும் அவசியம்.

ஓட்டத்தில் தெரியும் அறிகுறிகளையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்ஜின் இரைந்தும் வண்டி ஓடவில்லையென்றால் பெல்ட் வழுக்குகிறது. ஆற்றைக் கடந்த உடனே இப்படி ஆனால், நியூட்ரலில் வைத்து, மூடியின் அடியிலுள்ள வடிகால் அடைப்பைத் திறந்து, சற்று நேரம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தாலே தண்ணீர் வெளியேறிவிடும். ஐடிலிலேயே வண்டி ஊர்ந்தாலோ, கியர் போடும்போது கடகடவென்று அரைத்தாலோ, முதலில் ஐடில் வேகத்தையும், டிரைவ் புல்லி முழுமையாக விரிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கிளம்பும்போது உதறினால், ரோலர்கள் ஒருபுறம் தட்டையாகத் தேய்ந்திருப்பது அடிக்கடி காணும் காரணம்.

டிரைவ் புல்லி கிராங்கின் கூம்பு முனையில் இறுகி அமர்ந்திருப்பதால், அதற்குரிய புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) இல்லாமல் கழற்றக்கூடாது. சுத்தியலால் ஓரத்தைத் தட்டினால் தட்டு வளைந்துவிடும், பிறகு அதை எந்த ஷிம்மும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வாஷர்) காப்பாற்றாது. தட்டின் முகங்களை ஐசோப்ரோப்பில் ஆல்கஹாலால் துடைத்தால் போதும். புஷ்களுக்குக் கிரீஸ் தடவும் ஆசை எழும். அடக்கிக்கொள்ளுங்கள், இவை உலர்ந்தே ஓடுபவை, கிரீஸ் தூசியைத்தான் சேர்க்கும். திரும்ப மாட்டும்போது கூம்பின் இரு பரப்புகளும் எண்ணெய்ப் பசையின்றி இருக்க வேண்டும். போல்ட்டை டார்க் ரெஞ்சால் கையேட்டின் அளவுக்கே இறுக்க வேண்டும்.

மவுண்டுகளைச் சரிசெய்து, புல்லிகளைச் சுத்தமாக்கிய பிறகே நேர்ப்பட்டை வரவேண்டும். வளைவில்லாத இரும்புப் பட்டையொன்றை, கையேடு காட்டும் புல்லியின் கடைந்த முகத்தில், அதன் இரு விளிம்புகளும் தொடும்படி அழுத்திப் பிடித்தால், அதன் மறுமுனை அடுத்த புல்லியின் முகத்தைக் கடந்து நிற்கும். பட்டைக்கும் அந்தப் புல்லிக்கும் இடையிலுள்ள இடைவெளியை அருகு விளிம்பிலும் தொலைவு விளிம்பிலும் ஃபீலர் கேஜால் தனித்தனியே அளக்க வேண்டும். இரண்டும் சமமானால் புல்லிகள் இணையாக உள்ளன; அந்த அளவுதான் ஆஃப்செட் (பக்கவாட்டு விலகல்). இரண்டும் வேறுபட்டால் கோணம் இருக்கிறது. சுமை ஏறும்போது பெல்ட் இன்ஜினைக் கியர்பாக்ஸ் பக்கம் இழுக்கும் என்பதால், சில தயாரிப்பாளர்கள் சிறு கோணத்தை வேண்டுமென்றே விட்டு அளவு தருவார்கள். அவ்விடத்தில் நம் கண்ணுக்குப் பிடித்த நேர்கோட்டுக்காக அந்த அளவை மீறக்கூடாது.

கோணத்தை மவுண்ட் போல்ட்டுகளைத் தளர்த்தி இன்ஜினையோ கியர்பாக்ஸையோ நகர்த்தித்தான் திருத்த முடியும். ஆஃப்செட்டை டிரிவன் புல்லியின் பின்னால் மெல்லிய ஷிம் வாஷர்களைச் சேர்த்தோ எடுத்தோ திருத்தலாம். கோணத்தை முதலில் முடித்துவிடுங்கள், ஏனெனில் இன்ஜினை நகர்த்தினால் ஆஃப்செட்டும் மாறிவிடும். மாற்றி முயன்று ஒரு மாலைப்பொழுதை நானே வீணாக்கியிருக்கிறேன். போல்ட்டுகளை இறுக்கிய பிறகு மறுபடியும் அளக்க வேண்டும், இறுக்கும்போதே இன்ஜின் சற்றுத் திரும்பிவிடுவது உண்டு.

பழைய பெல்ட்டையே மாட்டுவதானால் முன்பு ஓடிய திசையிலேயே மாட்ட வேண்டும். கழற்றும்போதே சாக்பீஸால் அம்புக்குறி இட்டுவைத்தால் குழப்பம் வராது. புதிய பெல்ட்டானால், சோப்புத் தண்ணீரால் கழுவி உலர்த்தி மாட்டி, முதல் சில மணி நேரத்திற்கு முழு ஆக்ஸிலேட்டரும் பார இழுவையும் இல்லாமல் ஓட்டச் சொல்ல வேண்டும். அதன்பின் வண்டியை ஒருமுறை திரும்ப வரவழைத்து, மூடியைத் திறந்து, பெல்ட்டின் இரு விளிம்புகளையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். ஒருபுறம் சொரசொரத்தால், பட்டையை மறுபடியும் எடுக்க வேண்டியதுதான்.