கொழுப்பை உறைய வைத்த பிறகு என்ன பத்தியம்? ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கனடாவுக்கு வந்து இரண்டு குளிர்காலம் முடிவதற்குள் வயிறு முன்னால் தள்ளாதவர்கள் குறைவு. இரவு வேலை, வெளியே நடக்கவிடாத பனி, கையில் எப்போதும் டபுள் டபுள் கோப்பி. அப்புறம் 'கத்தியில்லாமல் கொழுப்புக் குறைப்பு' என்ற விளம்பரம் கண்ணில் படும். கொழுப்பைக் குளிரால் உறைய வைக்கும் கூல்ஸ்கல்ப்ரிங் செய்துவிட்டு வந்து, "இனி என்ன பத்தியம்?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் காசுக் கதை. இதற்கு ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் ஒரு சதமும் தராது. அழகுக்காகச் செய்வது என்பதால் 13% எச்.எஸ்.ரி என்ற விற்பனை வரி சேரும், வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்டவும் முடியாது. சொன்ன விலை வரியோடா, வரி இல்லாமலா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கொழுப்புக் கலங்கள் தோலைவிடக் குளிருக்கு எளிதில் சாகும். கூல்ஸ்கல்ப்ரிங் இயந்திரம் அந்த இடத்தைக் குளிர வைக்கும், அவ்வளவுதான். செத்த கலங்களை உடல் இரண்டு மூன்று மாதம் எடுத்து மெதுவாக அப்புறப்படுத்தும். அந்த இடத்துக் கொழுப்புப் படை 20 முதல் 25% வரை குறையலாம். தராசில் பெரிய மாற்றம் இருக்காது. குடலைச் சுற்றியிருக்கும் உள்கொழுப்பை அது தொடுவதே இல்லை. நம்மவர்களுக்குச் சலரோகம் கொண்டுவருவதில் அதற்குத்தான் பெரிய பங்கு.

வீட்டுக்கு வந்த பிறகு சிவப்பு, வீக்கம், கண்டல் எல்லாம் சில நாளில் போய்விடும். விறைப்பு மட்டும் சில வாரம் இருக்கும், கிள்ளினாலும் தெரியாது. ஆபத்து இங்கேதான். நோவுக்கு ஒத்தடம் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். என் மச்சாள் ஒருத்தி சுடுதண்ணீர்ப் பையை வயிற்றில் வைத்தபடி நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். சூடு அவளுக்குத் தெரியவில்லை. பையை எடுத்தபோது தோல் கன்றிப்போய்க் கொப்புளம் போட்டிருந்தது. விறைப்புப் போகும்வரை ஒத்தடமும் வேண்டாம், ஐஸும் வேண்டாம், மின்சாரப் போர்வையும் வேண்டாம்.

சிலருக்கு மூன்று நான்கு நாள் கழித்துக் குத்துவலி தொடங்கும். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். மருந்துக்கடையில் பனடோல் தேடி அலையாதீர்கள். இங்கே அதே மருந்து ரைலினோல். தடிமனுக்கு விற்கும் பல மருந்துகளிலும் அது கலந்திருக்கிறது, இரண்டையும் சேர்த்து எடுத்தால் ஈரலுக்குக் கேடு.

சரி, சாப்பாடு. தனிப் பத்தியம் எதுவும் இல்லை. ஐந்து லீற்றர் தண்ணீர் குடித்தால் கொழுப்புக் கழுவிக்கொண்டு போகும் என்பார்கள், நம்ப வேண்டாம். தாகத்துக்குக் குடித்தால் போதும். 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று மூன்று வேளையும் கொள்ளு ரசம் குடிக்கவும் தேவையில்லை, ருசிக்குக் குடியுங்கள். பார்க்க வேண்டியது சாப்பாட்டுக் கோப்பை. முக்கால்வாசி புட்டு, ஓரத்தில் ஒரு கரண்டி கறி என்று இருப்பதைத் திருப்பிப் போடுங்கள்: பாதிக் கோப்பை மரக்கறி, ஒரு மீன் துண்டோ முட்டையோ பருப்போ, மிச்ச இடத்தில் புட்டு. டபுள் டபுளில் இருப்பது இரண்டு கிரீம், இரண்டு சீனி. வேலையில் மூன்று குடித்தால் ஆறு ஆறு. இதை மாற்றாவிட்டால் மிஞ்சிய கலங்கள் பருத்துவிடும், கொடுத்த காசு வயிற்றோடு போகும். பனிக்காலத்தில் நடக்க ஸ்காபரோ ரவுன் சென்ரர் போதும், சாப்பாட்டுக் கடைப் பக்கம் மட்டும் வேகமாக நடவுங்கள்.

இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த இடம் சிறுப்பதற்குப் பதிலாக, இயந்திரம் பிடித்த வடிவிலேயே கெட்டியாகப் பெருத்தால் அது வீக்கம் அல்ல. அரிதாக வரும் பக்கவிளைவு. மொடல் அழகி லிண்டா இவாஞ்செலிஸ்டா 2021இல் தனக்கு அப்படி ஆனதாகப் பகிரங்கமாகச் சொன்னார். உணவாலும் உடற்பயிற்சியாலும் அது போகாது, பெரும்பாலும் சத்திரசிகிச்சைதான். அதனால் இன்னும் செய்யாதவர்கள், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க, செய்வதற்கு முன்பே முன்னாலும் பக்கத்திலும் படம் எடுத்து வையுங்கள்.

தோல் கறுத்தாலோ, கொப்புளம் போட்டாலோ, காய்ச்சலோ தாங்க முடியாத வலியோ வந்தாலோ செய்த இடத்துக்கு மட்டும் ரெலிபோன் அடித்துக் காத்திராமல், முன்பதிவு இல்லாமல் போகக்கூடிய வாக்-இன் கிளினிக்குக்குப் போங்கள். குடும்ப வைத்தியர் இன்னும் கிடைக்கவில்லையா? மருத்துவ ஆலோசனை இலக்கமான 811க்கு அடித்தால் இரவு பகல் எந்நேரமும் தாதி ஒருவர் பேசுவார். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.