பைரனை எங்கிருந்து தொடங்கலாம்?

1812-இல் ஆங்கிலக் கவிஞர் பைரனுக்குத் திடீர்ப் புகழ் தந்த 'சைல்ட் ஹெரால்டு' நீளமான பயணக் கவிதை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் 1817-இல் வந்த 'மான்ஃபிரட்' நாடகக் கவிதையை எடுங்கள், மூன்றே அங்கம்தான்.

ஆல்ப்ஸ் மலையில், யுங்ஃப்ராவ் முகட்டிலிருந்து குதிக்கப்போகும் நாயகன் மான்ஃபிரட்டை ஒரு வேட்டைக்காரர் பிடித்து இழுக்கும் இடத்தை நிதானமாகப் படியுங்கள். குற்றவுணர்வு உள்ளே அரிக்கிறது. என்ன குற்றம் என்று முழுசாகச் சொல்ல மாட்டான். மடாதிபதி வந்து மன்னிப்புக்கு வழிகாட்டினாலும் பணிய மாட்டான். வெறும் சோகமுகம் போதாது, இந்தப் பணியாமைதான் 'பைரனிய நாயகன்' என்று பைரன் பெயரால் அழைக்கப்படும் நாயக வகையின் அடையாளம்.

அது பிடிபட்டதும் 1847-இல் வந்த 'ஜேன் அயர்', 'வதரிங் ஹைட்ஸ்' நாவல்களுக்குப் போங்கள். அவற்றின் நாயகர்களான ராச்செஸ்டரும் ஹீத்கிளிஃபும் மான்ஃபிரட்டின் வாரிசுகள். ஹீத்கிளிஃப் இன்னும் முரட்டு வாரிசு. மூன்றுமே குட்டன்பெர்க் மின்னூல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.