ஒரே நெட்வொர்க் கார்டில் ஐபிஎக்ஸும் டிசிபி/ஐபியும்: பழைய டாஸ் கணினிக்கான செய்முறை

டூம் போன்ற விளையாட்டுகளை நாலு பேர் சேர்ந்து ஆட ஐபிஎக்ஸ் (நோவெல் நெட்வொர்க்கின் நெறிமுறை) வேண்டும். கோப்புகளை எஃப்டிபியில் இழுக்க டிசிபி/ஐபி (இணையத்தின் நெறிமுறை) வேண்டும். இதற்காக இரண்டு பூட் மெனு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கணினியை மறுபடி தொடங்குவது வீண் வேலை. கார்டோடு வந்த டிஸ்கில் நோவெல் ஓடிஐ டிரைவர் (ஒரே கார்டைப் பல நெறிமுறைகள் பகிர்ந்துகொள்ள விடும் வகை) இருந்தால் போதும், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும்.

முதலில் ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: கார்டைப் பிளக் அண்ட் பிளேயிலிருந்து விடுவியுங்கள்

ஜம்பர் இல்லாத ஐஎஸ்ஏ கார்டு என்றால் உற்பத்தியாளரின் அமைப்பு நிரலை ஓட்டி, போர்ட்டையும் (கார்டோடு பேசும் முகவரி) ஐஆர்க்யூவையும் (கார்டு கணினியைக் கூப்பிடும் இன்டரப்ட் எண்) நிலையாக எழுதிவிடுங்கள். 3காம் 3சி509பி கார்டுக்கு 3சி5எக்ஸ்9சிஎஃப்ஜி, ரியல்டெக் 8019 சில்லு உள்ளவற்றுக்கு ஆர்செட்8019. என்னைக் கேட்டால் என்இ2000 என்ற பழைய கார்டின் நகல்களைவிட 3சி509பி மேல். ஆனால் கையில் இருப்பது பெரும்பாலும் நகலாகத்தான் இருக்கும் என்பதால் உதாரணம் அதற்கே.

போர்ட் 300 (ஹெக்ஸ்) பாதுகாப்பானது. என்இ2000 மொத்தம் 32 முகவரிகளைப் பிடித்துக்கொள்ளும். அதனால் 320 வைத்தால் சவுண்ட் கார்டின் 330 மிடியோடு மோதும், 360 வைத்தால் 378-இல் உள்ள பிரின்டர் போர்ட்டோடு மோதும். ஐஆர்க்யூ 3 வேண்டாம், அது காம் 2-இன் இடம். சவுண்ட் பிளாஸ்டர் 5-இல் உட்கார்ந்திருந்தால் இரண்டில் ஒன்றை நகர்த்துங்கள். கீழே 5 காலியாக இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

படி 2: நெட்.சிஎஃப்ஜி

டிரைவர் இருக்கும் அதே கோப்புறையில் இந்தக் கோப்பு:

லிங்க் டிரைவர் என்இ2000
    போர்ட் 300
    இன்ட் 5
    ஃபிரேம் ஈதர்நெட்_802.2
    ஃபிரேம் ஈதர்நெட்_ஐஐ
    புரோட்டோகால் ஐபிஎக்ஸ் ஈ0 ஈதர்நெட்_802.2
    புரோட்டோகால் ஐபி 0800 ஈதர்நெட்_ஐஐ
    புரோட்டோகால் ஏஆர்பி 0806 ஈதர்நெட்_ஐஐ

முதல் வரி இடது ஓரத்தில் ஒட்டியிருக்க வேண்டும், மற்ற வரிகள் உள்ளே தள்ளியிருக்க வேண்டும். இது அழகுக்காக அல்ல. தள்ளாத வரியைப் புதுத் தலைப்பு என்றே டிரைவர் எடுத்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் எழுதிய எதுவும் அதன் காதில் விழாது, தன் இயல்பு அமைப்பிலேயே ஏறிவிடும்.

ஒரே கம்பியில் இரண்டு ஃபிரேம் (பொட்டலத்தைச் சுற்றும் உறையின் வடிவம்) எப்படி? ஈதர்நெட் தலைப்பில் இரண்டு முகவரிகளுக்கு அடுத்து வரும் இரண்டு பைட்தான் சூட்சுமம். அதில் 1500 அல்லது அதற்குக் குறைந்த எண் இருந்தால் அது நீளம், 802.2 வகை. 1536-உம் அதற்கு மேலும் இருந்தால் அது நெறிமுறை எண், ஈதர்நெட் ஐஐ வகை. இதைப் பார்த்தே பொட்டலங்கள் பிரிகின்றன.

நோவெலின் நெட்வேர் 3.11 வரையிலான சர்வர்கள் இயல்பாக 802.3 பேசும், 3.12 முதல் 802.2. சர்வர் எதைப் பேசுகிறதோ அதை எழுதுங்கள். விளையாட்டுக்கு மட்டும் என்றால் எல்லாக் கணினியிலும் ஒரே ஃபிரேம் இருந்தால் போதும்.

படி 3: ஏற்றும் வரிசை

எல்எஸ்எல்
என்இ2000
ஐபிஎக்ஸ்ஓடிஐ
ஓடிஐபிகேடி 1 96

நெட்வேர் சர்வர் இருந்தால் கடைசியில் விஎல்எம் (சர்வரோடு இணைக்கும் நிரல்), கூடவே கான்ஃபிக்.சிஸ்ஸில் லாஸ்ட்டிரைவ்=இசட். இல்லையென்றால் விஎல்எம் ஏற்றி நினைவகத்தை வீணாக்காதீர்கள்.

நாலாவது வரியில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ஓடிஐபிகேடி என்பது ஓடிஐ மேல் உட்கார்ந்து, பாக்கெட் டிரைவர் (டாஸின் டிசிபி/ஐபி நிரல்கள் கார்டோடு பேசும் வழி) மாதிரி நடிக்கும் சின்ன நிரல். அதற்குத் தரும் முதல் எண், எந்த ஃபிரேமில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது. என்இ2000 ஏறும்போது திரையில் ‘போர்டு 1’ என்று 802.2-உம், ‘போர்டு 2’ என்று ஈதர்நெட் ஐஐ-உம் காட்டும். அதைப் பார்த்து 2 என்று தட்டத் தோன்றும். ஓடிஐபிகேடி 0-இலிருந்து எண்ணுகிறது. ஆகவே போர்டு 2 என்பது 1. இதில் 0 கொடுத்தாலும் கோளாறுதான்: 802.2-இல் ஒட்டிக்கொள்ளும், டிசிபி/ஐபி பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும்.

இரண்டாவது எண் இன்டரப்ட், அது டெசிமலில். 96 என்பது ஹெக்ஸில் 60. பழக்கத்தில் 60 என்று தட்டினால் அது ஹெக்ஸ் 3சி ஆகிவிடும். பாக்கெட் டிரைவரை நிரல்கள் தேடுவது ஹெக்ஸ் 60 முதல் 80 வரைதான், ஆகவே கண்ணில் படாது.

படி 4: எம்டிசிபி

டாஸுக்கான டிசிபி/ஐபி நிரல்களில் என் தேர்வு எம்டிசிபிதான். அதன் அமைப்புக் கோப்பில் பாக்கெட்இன்ட் 0எக்ஸ்60 என்று (இங்கே ஹெக்ஸ்) எழுதி, எம்டிசிபிசிஎஃப்ஜி மாறியில் அந்தக் கோப்பின் பாதையைக் கொடுங்கள். டிஹெச்சிபி ஓட்டுங்கள், பிறகு ரவுட்டருக்குப் பிங்.

வேலை செய்யவில்லையா?

டிரைவர் ஒழுங்காக ஏறுகிறது, பதில் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் ஐஆர்க்யூ தவறு. போர்ட் சரியாக இருந்தாலே கார்டைக் கண்டுபிடித்துவிடும், பொட்டலம் வந்ததைச் சொல்லத்தான் இன்டரப்ட் வேண்டும். திரையில் போர்டு 2 வரியே வராவிட்டால் நெட்.சிஎஃப்ஜி படிக்கப்படவில்லை: உள்தள்ளலையும், லிங்க் டிரைவர் பெயர் டிரைவரின் பெயரோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள்.

நினைவகம் பற்றாவிட்டால் ஐபிஎக்ஸ்ஓடிஐ-க்குப் பின்னால் ஏ சேர்த்து ஏற்றுங்கள். எஸ்பிஎக்ஸ் (ஐபிஎக்ஸ் மேல் ஓடும் இன்னொரு நெறிமுறை) போய்விடும், டூமுக்கு அது தேவையில்லை. ஆர்கன்சோல் (நெட்வேர் சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் நிரல்) பயன்படுத்துகிறவர்கள் மட்டும் இதைத் தொட வேண்டாம்.

பின்சேர்க்கை: பழைய ஹப்பில் ஓடிய கணினிக்குப் புது சுவிட்சில் இணைப்பு விளக்கே எரியாமல் போகலாம். 2.5 ஜிகாபிட் போர்ட்கள் பல 10 எம்பிபிஎஸ் வேகத்தை ஏற்பதில்லை. நடுவில் ஒரு சாதாரண 10/100 சுவிட்சைச் செருகுங்கள். கார்டில் வட்டமான கோஆக்ஸ் இணைப்பும் சேர்ந்திருந்தால், அமைப்பு நிரலில் ஊடகத்தைத் தானியங்கியில் விடாமல் ட்விஸ்டட் பேர் என்று குறித்துவிடுங்கள்.