குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கல்: பெற்றோர் கண்டறிவது எப்படி?

சித்திரை வெயிலில் விளையாடிவிட்டு வந்த பிள்ளை, "ஒண்ணுக்குப் போனா எரியுது" என்று சொன்னால், சூடு பிடித்துக்கொண்டது என்று தொப்புளிலும் கால் பெருவிரலிலும் விளக்கெண்ணெய் தடவுவது கொங்குப் பகுதி வீடுகளில் வழக்கம். பெரும்பாலும் அது தண்ணீர் போதாமல் வந்த எரிச்சலாகவே இருந்து, மோரும் இளநீரும் குடித்ததும் தணிந்துவிடும். ஆனால் அதே எரிச்சல் திரும்பத் திரும்ப வந்தால் எண்ணெயோடு நிறுத்திவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்றோ கல்லோ இருக்கக்கூடும்.

பெரிய பிள்ளைகளுக்கு விலாவுக்குக் கீழே முதுகுப்புறம் தொடங்கி அடிவயிறு நோக்கி இறங்கும் வலி, விட்டுவிட்டு வரும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இடம் காட்டத் தெரியாது. தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்பார்கள், வாந்தி எடுப்பார்கள், காரணமின்றி அழுவார்கள். ஆகவே சிறுநீரைத்தான் கவனிக்க வேண்டும். அது கட்டங்காப்பி நிறத்திலோ சிவந்தோ போகிறதா, பாதியில் நின்று மறுபடி வருகிறதா, போகும்போது பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறதா என்று பாருங்கள்.

காரணம் என்று கேட்டால், நம் ஊரில் எல்லோரும் போர்வெல் உப்புத்தண்ணீரைத்தான் சொல்கிறார்கள். அந்த உப்பைவிட, அதன் சுவை பிடிக்காமல் பிள்ளை குறைவாகக் குடிப்பதே பெரிய கேடு என்பது என் கருத்து. பள்ளிக் கழிப்பறைக்கு அஞ்சி, குறிப்பாகப் பெண் குழந்தைகள், தண்ணீரே குடிக்காமல் காலையிலிருந்து மாலை வரை அடக்கிக்கொள்கிறார்கள். மாலையில் பையைத் திறந்து பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். காலையில் நிரப்பிய கனத்தோடே இருந்தால் அன்றைய சிறுநீர் அடர்ந்துதான் போயிருக்கும். அடர்ந்த சிறுநீரில் கால்சியமும், கீரை போன்ற உணவுகளில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளும் படிகமாகச் சேர்கின்றன. முறுக்கு, சிப்ஸ், ஊறுகாய் என உப்பு மிகுந்தால் சிறுநீரில் வெளியேறும் கால்சியமும் கூடுகிறது. இவை தவிர அடிக்கடி வரும் தொற்று, பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையில் அமைந்த அடைப்பு, வலிப்புக்குத் தரும் சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். சிஸ்டின் என்ற பொருள் சிறுநீரில் மிகுந்து கல்லாகும் சிஸ்டினூரியா போன்ற பரம்பரைக் குறைபாடுகளும் உண்டு; சொந்தத்தில் மணம் முடித்தவர்களானாலும், குடும்பத்தில் யாருக்காவது கல் இருந்தாலும் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

20 கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் பால், மோர் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் நீராகாரம் தேவை. 30 கிலோவுக்குச் சுமார் 1.7 லிட்டர், வெயில் காலத்தில் இன்னும் கூட்டிக் கொடுங்கள். கால்சியத்தால் கல் என்று கேள்விப்பட்டுப் பாலை நிறுத்திவிடாதீர்கள்: உணவில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வைப்பதால், பாலைக் குறைத்தால் ஆக்சலேட் அதிகமாகச் சிறுநீருக்குப் போய்விடும். வாழைத்தண்டுப் பொரியல் தாராளமாகச் செய்து போடலாம். அது கல்லைக் கரைத்துவிடும் என்று நம்பி நாள் கடத்தக் கூடாது.

வலியோடு காய்ச்சல், ஓயாத வாந்தி, சிறுநீரே போகாமை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் இரவென்று பாராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்றபடி சிறுநீர்ப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் முதற்படி. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். அப்படிக் காத்திருக்கச் சொன்னால், பிள்ளையின் சிறுநீரைச் சுத்தமான வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். மணல் அளவு கல் விழுந்தாலும் எடுத்துச் சிறு டப்பாவில் போட்டு மருத்துவரிடம் கொடுங்கள். அது எந்த வகைக் கல் என்று தெரிந்தால்தான் மறுபடி வராமல் தடுக்க வழி சொல்ல முடியும்.