பசுமைக்குடிலில் ஆப்பிரிக்கப் பூச்செடிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர் நாடுகளில் பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள், ஆப்பிரிக்கச் செடி ஒன்று வாடினால் முதலில் ஹீட்டரைக் கூட்டுகிறார்கள். அடுத்து தண்ணீரை ஊற்றுகிறார்கள். பல நேரங்களில் செடியைக் கொல்வது அந்தத் தண்ணீர்தான்.

ஆப்பிரிக்கா என்ற ஒரே பெயரில் எல்லாச் செடிகளையும் சேர்த்து வைப்பதில் சிக்கல் தொடங்குகிறது. சிவப்பு முசாண்டா என்ற பூச்செடி மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளைச் சேர்ந்தது. ஈரக்காற்றும் குறைந்தது 15 டிகிரி செல்சியஸ் வெப்பமும் கேட்கும். பாலைவன ரோஜா எனப்படும் அடீனியமோ, சஹாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் வறண்ட நிலத்தில் வளர்வது. அதன் வேர் காய வேண்டும். இரண்டையும் ஒரே பலகையில் வைத்து ஒரே அளவில் நீர் விட்டால் ஏதாவது ஒன்று போய்விடும். லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் 1987-இல் திறக்கப்பட்ட 'பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ்' கண்ணாடிக் கூடத்தில், ஒரே கூரையின் கீழ் 10 தட்பவெப்பப் பகுதிகள் இருக்கின்றன. வீட்டுக் குடிலுக்கு அவ்வளவு வேண்டாம். வெயில் விழும் உலர்ந்த பக்கம் ஒன்று, ஈரப் பக்கம் ஒன்று என்று பிரித்தாலே பாதித் தொல்லை தீரும்.

குளிர்காலத்தில் அடீனியம் இலை உதிர்த்தால் பதற வேண்டாம், அது ஓய்வெடுக்கிறது. பருத்த அடித்தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் தண்ணீர் தேவையில்லை. கூழாகிவிட்டால் அழுகிய பகுதியை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. வெட்டும்போது கையுறை அவசியம்: ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் வேட்டைக்காரர்கள் அம்பு முனையில் தடவிய நஞ்சு இதன் சாற்றிலிருந்து எடுத்ததுதான்.

சீக்கிரம் வளரட்டும் என்று சிறு செடியைப் பெரிய தொட்டியில் நடுவதும் இதே அழுகலில்தான் முடியும். வேர் எட்டாத மண்ணில் ஈரம் அப்படியே தேங்கி நிற்கும்.

கத்தரிக்கத் தயங்குவது இன்னொரு தவறு. வெள்ளைப் புல்லியிலிருந்து (பூவின் வெளியுறை) சிவப்புப் பூ எட்டிப் பார்க்கும் மேற்கு ஆப்பிரிக்கக் கிளெரோடெண்ட்ரம், புதுத் தளிரில்தான் பூக்கும். வெட்டாமல் விட்டால் கொடிபோல் நீண்டு, அடியில் வெறுங்குச்சியாகிவிடும். குளிர்காலக் கடைசியில் துணிந்து வெட்டுங்கள். பூக்கவில்லையே என்று தழைச்சத்து உரத்தைக் கொட்டினால் இலைதான் பெருகும்.

கோடையில் நிழல் வலை கட்டாமல், ஜன்னலையும் திறக்காமல் விட்டால் இலை கருகும். சூடான உலர்காற்றில் இலைச்சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்திப் பேன் பெருகும். முசாண்டா, கிளெரோடெண்ட்ரம் இலைகளின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நுண்ணிய வலை தெரிந்தால், மருந்தைத் தேடும் முன் அங்கே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்.