பர்மிய மலைப்பாம்பு வளர்க்கத் தொடங்குகிறீர்களா? கூண்டு, சூடு, தீனி, கொக்கி

முட்டையிலிருந்து வெளிவரும் பர்மிய மலைப்பாம்புக் குட்டி சுமார் 2 அடிதான் இருக்கும். ஒழுங்காகத் தின்றால் 2 வருடத்தில் 8 அடியைத் தாண்டிவிடும். பெண் பாம்பு 12 அடி, 14 அடி வளர்வது சாதாரணம். எடையும் ஓர் ஆளின் எடைக்குப் பக்கத்தில் வரும். ஆயுள் 20 வருடத்துக்கு மேல். இந்தக் கணக்கைப் பார்த்தபிறகும் ஆசை போகவில்லை என்றால் மேலே படியுங்கள்.

ஆசை ஏன் வருகிறது என்று கேட்பவர்களுக்கு: குரைக்காது, முடி உதிர்க்காது, தினமும் வெளியே கூட்டிப்போகச் சொல்லாது. ஆனால் இதற்காக மட்டும் யாரும் இவ்வளவு பெரிய பாம்பை வைத்துக்கொள்வதில்லை. சட்டை உரித்த மறுநாள் வெயிலில் அதன் தோலில் ஓடும் நீலமும் ஊதாவும், கையில் ஏறும்போது உடலுக்குள் ஒவ்வொரு தசையாக நகர்வது தெரிகிற அந்த உணர்வு, அவ்வளவு பலமான ஓர் உயிர் பதற்றமில்லாமல் நம்மேல் படுத்திருப்பது இதெல்லாம்தான் காரணம். அதற்கு நம்மேல் பாசம் உண்டா? இல்லை என்றுதான் சொல்வேன். நம் வாசனையும் நடமாட்டமும் பழகிவிடுகிறது, அவ்வளவே. எனக்கு அது போதும்.

நான் இருப்பது இங்கிலாந்தில். இங்கே நாகமோ விரியனோ வளர்க்க 1976ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டப்படி உரிமம் வேண்டும். மலைப்பாம்புக்கு வேண்டியதில்லை. இதனாலேயே யோசிக்காமல் வாங்குபவர்கள் அதிகம், பெரிதானபிறகு காப்பகத்தில் கொண்டுபோய் விடுபவர்களும் அதிகம்.

படி 1: எந்தப் பாம்பு

ஆண் குட்டியாகக் கேளுங்கள். பெண்ணைவிட நன்றாகவே சிறியதாக நிற்கும். கூண்டில் பிறந்ததாக இருக்க வேண்டும், உறைந்த எலியை ஏற்கெனவே தின்று பழகியிருக்க வேண்டும். விற்பவரிடம் உங்கள் கண்முன்னால் ஒரு தடவை தீனி போடச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

வலைப்பின்னல் மலைப்பாம்பு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உலகிலேயே நீளமான பாம்பு இனம் அதுதான். கான்சாஸ் சிட்டியில் இருந்த மெடூசா என்ற பாம்பை 2011இல் அளந்தபோது 7.67 மீட்டர். தீனி என்றால் பர்மியப் பாம்பைவிட வேகம், மூளையும் சுறுசுறுப்பு. முதல் பாம்பாக வேண்டாம். இந்தோனேசியாவின் ஜம்பேயா, கலாவோதோவா தீவுகளிலிருந்து வந்த குள்ள வகைகள் உண்டு, அவற்றைப் பிற்பாடு யோசிக்கலாம்.

படி 2: கூண்டு

வளர்ந்த பாம்பு முழுதாக நீட்டிப் படுக்க இடம் வேண்டும். 8 அடிக்கு 4 அடி என்பது பலர் சொல்லும் கணக்கு. நான் அதைத் தொடக்கம் என்றுதான் வைத்துக்கொள்வேன். அந்த அறையை இன்றைக்கே மனதில் ஒதுக்கிவிடுங்கள். குட்டிக்கு இவ்வளவு பெரிது தேவையில்லை, ஒளிந்துகொள்ள இரண்டு இடம் இருக்கிற சிறிய பெட்டி போதும். கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு கட்டாயம். இடுக்கில் மூக்கை வைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஒருநாள் திறந்துவிடும்.

தண்ணீர்த் தொட்டி முழு உடலும் இறங்கும் அளவுக்கு இருக்கட்டும். அதில்தான் மலமும் கழிக்கும், ஆகவே நீங்களே தூக்கிக் கொட்டக்கூடிய எடையில் வாங்குங்கள். நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடந்தால் செதில் இடுக்குகளில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: சூடு

சூடான ஓரம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த ஓரம் 25, 26. ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம், கண் வெளுத்துச் சட்டை உரிக்கும் சமயத்தில் கொஞ்சம் கூடுதல்.

கீழே விரிக்கும் ஹீட் மேட் பெரிய பாம்புக்கு வேண்டவே வேண்டாம். அவ்வளவு எடை மேலே அழுந்தும்போது சூடு வெளியேற வழியில்லாமல் வயிற்றுத் தோல் வெந்துவிடும். கூண்டின் கூரையில் திருகும் ஹீட் பேனல்தான் என் தேர்வு. அதோடு பல்ஸ் வகை தெர்மோஸ்டாட் ஒன்று, அதாவது மின்சாரத்தைச் சிறுசிறு துடிப்புகளாக அனுப்பிச் சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் கருவி. ஹாபிஸ்டாட், மைக்ரோகிளைமேட் என்ற இரண்டு பிராண்டுமே இங்கே எளிதாகக் கிடைக்கும். வெறுமனே ஆன், ஆஃப் ஆகிற மலிவான பெட்டியை வாங்கிப் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். சென்சாரைப் பாம்பு நகர்த்த முடியாதபடி கிளிப் போட்டு இறுக்குங்கள். அது குளிர்ந்த மூலைக்குப் போய்விட்டால் தெர்மோஸ்டாட் கூண்டை வறுத்தெடுக்கும். பாம்பு படுக்கிற இடத்தின் சூட்டை டெம்பரேச்சர் கன் வைத்து அளந்து பாருங்கள்.

படி 4: தீனி, கொக்கி

என்னை ரொம்ப நாள் குழப்பியது இந்தப் படிதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பாம்பின் உடலில் மிகப் பருமனான இடம் எவ்வளவோ, அவ்வளவு பருமன் உள்ள எலி. குட்டிக்கு வாரம் ஒன்று, ஒரு வயதுக்குப்பின் இரண்டு வாரத்துக்கு ஒன்று, வளர்ந்ததற்கு மாதம் ஒரு முயல்கூடப் போதும். கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் கொழுத்துச் சாகும். உறைந்ததை முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜில் வைத்து இளக்கி, பிறகு வெந்நீரில் சூடாக்கி, நீளமான இடுக்கியால் நீட்டுங்கள். உதட்டோரக் குழிகளால் அது வெப்பத்தை உணரும், ஆறிய எலியை மதிக்காது. மைக்ரோவேவ் கூடாது. எலிக்கென்று தனி ஃப்ரீசர் வாங்கிவிடுங்கள், குடும்பத்தில் அமைதி நிலவும்.

இப்போது குழப்பம். கதவு திறக்கும்போதெல்லாம் தீனி வந்தால், கதவுச் சத்தமே தீனி என்று பாம்பு பழகிவிடும். அடுத்தமுறை தண்ணீர் மாற்றக் கை நீட்டினால் கைதான் எலி. இதற்குப் பலர் சொல்லும் வழி, பாம்பைத் தூக்கி வேறு பெட்டியில் வைத்துத் தீனி போடுவது. 3 அடிக் குட்டிக்கு அது சரி. பசியோடு இருக்கிற 10 அடிப் பாம்பைத் தூக்குவது சரியா? வயிறு நிறைந்தபின் திரும்பவும் தூக்கினால் கக்கிவிடும் வேறு.

கொக்கிதான் வழி. பாம்பைத் தூக்கவும் நகர்த்தவும் வைத்திருக்கும், நுனி வளைந்த நீளமான கம்பி அது. தீனி போடாத ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்ததும் கொக்கியால் உடலின் நடுப்பகுதியை மெதுவாகத் தொடுங்கள், லேசாகத் தள்ளுங்கள். தீனி நாளில் கொக்கி வெளியே வரவே கூடாது. கொக்கி பட்டால் சாப்பாடு இல்லை என்பது சில வாரங்களில் அதற்குப் பதிந்துவிடும். பட்டதும் தலையைத் திருப்பி நாக்கை மெதுவாக நீட்டினால் தூக்கலாம். கழுத்தை மடித்து உங்களையே குறிபார்த்தால் கதவைச் சாத்திவிட்டு நாளைக்கு வாருங்கள். குட்டியாக இருக்கும்போதே இதைத் தொடங்க வேண்டும், அது கடித்தால் சிராய்ப்போடு போகும் வயதில்.

எலியை இளக்குவது பாம்பு இருக்கும் அறையில் வேண்டாம். வாசனை வந்தாலே வேட்டைக்குத் தயாராகிவிடும். எலி தொட்ட கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாம்பைத் தொட்டபிறகும் கழுவ வேண்டும், அது சால்மோனெல்லா என்ற நோய்க் கிருமிக்காக.

தின்றபின் குறைந்தது 3 நாள் தொடாதீர்கள். பெரிய இரைக்குப்பின் இதன் சிறுகுடல் இருமடங்கு எடையாகிறது. இதயம் 2 நாளில் 40 சதவீதம் பெருத்ததை 2005இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. உள்ளே அவ்வளவு வேலை நடக்கும்போது தூக்கி விளையாடினால் தாங்குமா?

படி 5: இரண்டு பேர்

பாம்பு 8 அடியைத் தொட்டதும் தனியாகத் தூக்குவதை நிறுத்துங்கள். இங்கிலாந்திலேயே 2017இல் ஒருவர் தம்முடைய 8 அடி ஆப்பிரிக்க மலைப்பாம்பால் இறந்துபோனார். கூட நிற்பவர் பயந்த சுபாவமாக இருக்கக்கூடாது. சுற்றிக்கொண்டால் வாலிலிருந்து பிரிக்க வேண்டும், தலைப்பக்கம் இழுத்தால் இன்னும் இறுகும். கடித்துப் பிடித்துக்கொண்டால் அதன் வாயோரம் கொஞ்சம் கிருமிநாசினி ஜெல் போதும், விட்டுவிடும். ஒரு பாட்டிலைக் கூண்டுக்கு மேலேயே வைத்திருங்கள்.

பின்னர் சேர்த்தது

"வளர்க்க முடியாமல் போனால் காட்டில் விடலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடவே கூடாது. ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் இப்போது பெருகிக் கிடப்பவை இப்படி விடப்பட்டவையும் தப்பியவையும் பெற்ற குட்டிகள்தான். அங்கே பாலூட்டிகள் பெருமளவு அழிந்துவிட்டன. அமெரிக்கா 2012இல் பர்மிய மலைப்பாம்பின் இறக்குமதியைத் தடைசெய்தது. ஊர்வனவற்றுக்கான காப்பகத்தைத் தேடுங்கள்.

"சென்னையில் வளர்க்கலாமா, சூட்டுக்குச் செலவே இல்லையே?" என்று இன்னொருவர். செலவு இல்லைதான், ஆனால் சட்டம் விடாது. பர்மிய மலைப்பாம்பு இந்தியாவின் வடகிழக்கில் இருக்கிற பாம்பு, வலைப்பின்னல் மலைப்பாம்பு நிக்கோபாரில் உண்டு, நம் ஊர் மலைப்பாம்பைச் சொல்லவே வேண்டாம். எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருகின்றன. வீட்டில் வைத்தால் சிறை. சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் வீட்டில் வளர்க்க அனுமதியில்லை.

குளிர்காலத்தில் கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார்கள். வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வையுங்கள், கூண்டைக் கம்பளியால் மூடுங்கள், காற்றுத் துளைகளை மட்டும் விட்டுவிடுங்கள். தின்று ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால் முதல் கவனம் அதற்கே. குளிர்ந்தால் செரிமானம் நின்று உள்ளேயே அழுகத் தொடங்கும், பெரும்பாலும் கக்கிவிடும். கக்கினால் இரண்டு வாரம் தீனி வேண்டாம். அப்புறம் வழக்கத்தைவிடச் சிறிய எலியாகக் கொடுத்துப் பாருங்கள்.